அரை வினாடி பின்னால் வந்தவர்

சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவுவதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு தாவல் ஒரு வினாடி. அதில் பாதி அரை வினாடி. 'டக்' என்று நீங்கள் வாயால் சொல்லி முடிப்பதற்குள் அது ஓடிவிடும்.

அந்த அரை வினாடி இடைவெளியைத் தாண்ட முடிந்தும், தாண்டாமல் பின்னாலேயே வந்தவர் ஒருவர் இருந்தார். அதனால் உலக சாம்பியன் பட்டமே அவர் கையை விட்டுப் போயிற்று. அவர் பெயர் ஜீல் வில்நெவ். கனடா நாட்டுக்காரர். ஃபார்முலா 1 என்ற கார் பந்தயத்தில் ஓட்டியவர். அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாழ்நாளில் ஆறே ஆறு ஃபார்முலா 1 பந்தயங்களில்தான் முதலிடம் பெற்றார். ஆனாலும் கார் பந்தய ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல முறை பட்டம் வென்றவர்களைச் சொல்லும் அதே மூச்சில் இவர் பெயரையும் சொல்வார்கள். ஏன் என்று பார்ப்போமா?

ஜீல் வில்நெவ் 1950ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தார். அங்கே மக்கள் பேசுவது பிரெஞ்சு மொழி. அப்பாவுக்குப் பியானோ வாத்தியத்தைச் சுருதி சேர்த்துக் கொடுக்கும் தொழில். வளர்ந்தது பெர்த்தியேவில் என்ற சிறிய ஊரில். பிள்ளைப் பருவத்தில் ஜீலும் பியானோ, டிரம்பெட் எல்லாம் வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் மனம் முழுக்க வண்டிகள் மீதுதான்.

கியூபெக்கில் பனிக்காலம் வந்தால் மாதக் கணக்கில் தரை தெரியாது. அந்தப் பனிமேல் ஓடுவதற்கென்றே ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி இருக்கிறது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் பட்டை. இந்த வண்டிகளுக்கும் பந்தயம் உண்டு. முன்னால் போகும் வண்டிகள் வாரி இறைக்கும் பனித்தூளில் பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. வண்டியோ நேராகப் போவதைவிடச் சறுக்கிக்கொண்டு போவதுதான் அதிகம். ஜீல் இதில் கெட்டிக்காரர். 1974ல் ஸ்னோமொபைல் உலகப் போட்டியில் வென்றார். கார் ஓட்டப் போன பிறகு இந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. 1979ல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் கொட்டும் மழை. பல வீரர்கள் காரை வெளியே எடுக்கவே இல்லை. ஜீல் எடுத்தார். அவருக்கு அடுத்து வந்தவரைவிட ஒரு சுற்றில் ஒன்பது வினாடிக்குக் குறையாமல் முந்தியிருந்தார்! கார் பந்தயத்தில் ஒரு வினாடி முந்தினாலே பெரிய விஷயம்.

கார் பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டு. ஜீல் பணக்காரர் இல்லை. சிறு வயதிலேயே திருமணமாகி ஒரு மகன், ஒரு மகள். குடும்பத்தோடு வீட்டு வசதி கொண்ட ஒரு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓட்டினார். 1976ல் கனடாவின் துருவா ரிவியேர் நகரில் ஒரு பந்தயம். அதில் ஓட்ட இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் ஹன்ட் வந்திருந்தார். அந்த ஆண்டு ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனவர் அவர்தான். அவரை அந்தப் பந்தயத்தில் தோற்கடித்தார் ஜீல். ஹன்ட்டுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் தம்முடைய மெக்லாரன் அணியிடம், கனடாவில் இப்படி ஒரு பையன் இருக்கிறான், விடாதீர்கள் என்று சொன்னார். தோற்றவர் தம்மைத் தோற்கடித்தவருக்காகச் சிபாரிசு செய்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்படித்தான் 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஜீல் முதன்முதலாக ஃபார்முலா 1 கார் ஓட்டினார். மெக்லாரன் அணி அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இத்தாலியில் ஒரு முதியவர் கவனித்துவிட்டார். ஃபெராரி அணியை உருவாக்கிய என்ஸோ ஃபெராரிதான் அவர். ஜீலின் சிறிய உருவத்தைப் பார்த்ததும், பழைய இத்தாலிய வீரர் டாஸியோ நுவோலாரி அவர் நினைவுக்கு வந்தாராம். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜீல் ஃபெராரி வீரர் ஆகிவிட்டார்.

தொடக்கம் நன்றாக இல்லை. அதே ஆண்டு ஜப்பானின் ஃபியூஜி பந்தயத்தில் அவர் கார் முன்னால் சென்ற கார் மீது ஏறிப் பறந்து, நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருந்தவர்கள் மேல் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டும் பல பந்தயங்களில் கார் உடைந்தது, தடம் மாறியது. இவர் வேண்டாம் என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. என்ஸோ ஃபெராரி கேட்கவில்லை. 1978 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில், சொந்த மக்கள் முன்னால், ஜீல் தம் முதல் வெற்றியைப் பெற்றார்.

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அதற்கு முன் ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓர் அணிக்கு இரண்டு கார்கள், இரண்டு வீரர்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் சில இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு. ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி எடுத்த வீரருக்கு ஒரு பட்டம், அதிகப் புள்ளி எடுத்த அணிக்குத் தனியாக ஒரு பட்டம். சிக்கல் இங்கேதான். இரண்டு பேரும் ஒரே நிறச் சட்டை போட்டவர்கள். ஆனால் வீரர் பட்டம் ஒருவருக்குத்தான். அப்படியானால் பக்கத்தில் வருகிறவர் நண்பரா, போட்டியாளரா? இரண்டும்தான்!

இருவரும் முட்டி மோதிக்கொண்டு கார்களை உடைத்துக்கொண்டால் அணிக்கு நஷ்டம். அதனால் அணி சில சமயம் ஓர் உத்தரவு போடும். 'நீ அவரை முந்தாதே', 'அவருக்கு வழி விடு' என்பது போல. இதற்கு அணி உத்தரவு என்று பெயர். இப்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோவில் சொல்லிவிடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கார் அணியின் இடத்தைக் கடக்கும்போது, சுவர் ஓரமாக நின்று ஒரு பலகையைக் காட்டுவார்கள். காற்றாய்ப் பறக்கும் கார். பலகையில் ஓரிரு சொல், சில எண்கள். அதை ஒரு பார்வையில் படித்துக்கொள்ள வேண்டும்.

இது நியாயமா என்று கேட்பீர்கள். வேகமாக ஓடுகிறவர்தானே ஜெயிக்க வேண்டும்? என்னிடம் படித்த பிள்ளைகள் கேட்டிருந்தால் நானும் உடனே பதில் சொல்லியிருக்க மாட்டேன். 1956ல் இத்தாலியின் மான்ஸா பந்தயத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஃபெராரி அணியின் மூத்த வீரர் ஃபாங்கியோவின் கார் பழுதாகிவிட்டது. அப்போதிருந்த விதிப்படி ஒருவர் காரை இன்னொருவர் வாங்கி ஓட்டலாம். அதே அணியில் பீட்டர் காலின்ஸ் என்ற 24 வயது இளைஞர். அவருக்கும் சாம்பியன் ஆகும் வாய்ப்பு இருந்தது. அவர் தம் காரை நிறுத்தி இறங்கி, ஃபாங்கியோவை ஏறச் சொன்னார். ஃபாங்கியோ சாம்பியன் ஆனார். காலின்ஸ் தமக்கு இன்னும் வயது இருக்கிறது என்று நினைத்தார். இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஒரு பந்தயத்தில் அவர் இறந்துபோனார். பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, ஜீலிடம் வருவோம்.

1979ல் ஃபெராரி அணியில் ஜீலுக்குத் துணையாக வந்தவர் தென் ஆப்பிரிக்காவின் ஜோடி ஷெக்டர். அனுபவத்தில் மூத்தவர். புள்ளியில் யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு மற்றவர் உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. ஜீல் தென் ஆப்பிரிக்காவில் ஜெயித்தார், அமெரிக்காவின் லாங் பீச்சில் ஜெயித்தார். ஷெக்டர் பெல்ஜியத்தில், மொனாக்கோவில் ஜெயித்தார். இருவரும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

ஜீல் விட்டுக்கொடுக்கும் சுபாவம் உள்ள சாதுவான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிரான்ஸில் டிஜோன் என்ற இடத்தில் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளை இன்றும் படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டாம் இடத்துக்காக ஜீலும் ரெனோ அணியின் ரெனே அர்னுவும் போட்ட போட்டி அது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள். வளைவில் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிறது. ஒருவர் தடத்தை விட்டு விலகுகிறார், திரும்ப வருகிறார், முந்துகிறார், பிந்துகிறார். கடைசியில் ஜீல் கால் வினாடி முன்னால் வந்தார். காரை விட்டு இறங்கியதும் இருவரும் சிரித்துக்கொண்டு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவர் ஓர் அளவுக்கு மேல் தம்மைத் தள்ளிவிட மாட்டார் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த வேகத்தில் அப்படி ஓட்ட முடியாது.

அவரிடம் அசட்டுத் துணிச்சலும் உண்டு. அதே ஆண்டு ஹாலந்தில் அவர் காரின் பின் டயர் வெடித்தது. வேறு யாராக இருந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்திருப்பார்கள். ஜீல் மூன்று சக்கரத்திலேயே சுற்று முழுவதும் ஓட்டி வந்தார். உடைந்த சக்கரம் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது! ரசிகர்கள் கை தட்டினார்கள். பலர் திட்டவும் செய்தார்கள். திட்டியவர்கள் பக்கம்தான் நான்.

இப்படிப்பட்டவர்தான் 1979 செப்டம்பர் 9ஆம் தேதி மான்ஸா பந்தயத்துக்கு வந்தார். அங்கே ஷெக்டர் ஜெயித்துவிட்டால் அவர்தான் உலக சாம்பியன் என்ற நிலை. மான்ஸா ஃபெராரி அணியின் சொந்த மண். மைதானம் முழுக்க சிவப்புக் கொடிகள். ஷெக்டர் முன்னால், ஜீல் அவருக்கு நேர் பின்னால். சுற்றுக்குச் சுற்று அதே வரிசை. நேர்ப் பாதையில் முன்னால் போகிற காரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் காற்று தடுக்காது. கடைசி நொடியில் வெளியே வந்து முந்திவிடலாம். மான்ஸாவில் அதற்கு வசதியான நீண்ட நேர்ப் பாதைகள் உண்டு. ஜீல் முந்த முயன்றிருந்தால் அவரைத் தடுக்க யாராலும் முடியாது. அணிக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். ஒரு பலகையைத் தவிர அவர்கள் கையில் எதுவும் இல்லை.

ஷெக்டர் முதலில் வந்தார். ஜீல் அவருக்கு 0.46 வினாடி பின்னால் வந்தார். ஷெக்டர் உலக சாம்பியன் ஆனார். ஷெக்டரின் கார் எங்காவது பழுதாகி நின்றுவிடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் ஓட்டினேன் என்று ஜீல் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னாராம். அப்படி ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆசைப்பட்டும் முந்தவில்லையே, அதுதான் விஷயம்.

இப்போது கணக்கு நோட்டை எடுங்கள். நான் ஆசிரியராக இருந்தவன். ஒரு கணக்காவது போடாமல் விட மாட்டேன். அப்போது முதலிடத்துக்கு 9 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 6 புள்ளி. எல்லாப் பந்தயங்களையும் கூட்ட மாட்டார்கள். ஆண்டின் முதல் பாதியில் சிறந்த நான்கு, இரண்டாம் பாதியில் சிறந்த நான்கு, அவ்வளவுதான் கணக்கு. ஷெக்டருக்கு முதல் பாதியில் 30, இரண்டாம் பாதியில் 21. மொத்தம் 51. ஜீலுக்கு முதல் பாதியில் 20, இரண்டாம் பாதியில் 27. மொத்தம் 47.

மான்ஸாவில் மட்டும் இருவரும் இடம் மாறியிருந்தால்? ஷெக்டருக்கு 3 புள்ளி குறையும், 48 ஆகிவிடும். ஜீலுக்கு 3 கூடும், 50 ஆகிவிடும். மற்றப் பந்தயங்கள் நடந்தபடியே நடந்திருந்தால் ஜீல்தான் உலக சாம்பியன்! பட்டம் கிடைத்துவிட்டதால் ஷெக்டர் கடைசி இரண்டு பந்தயங்களில் நிம்மதியாக ஓட்டியிருக்கலாம், அது வேறு. ஆனாலும் அந்த அரை வினாடியின் விலை என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா?

ஜீல் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு 29 வயதுதான். நம் முறை வரும் என்று நம்பினார்.

1980ல் ஃபெராரியின் கார் படுமோசம். ஷெக்டர் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றுவிட்டார். 1981ல் புதிய கார் வந்தது. இயந்திரத்துக்கு வலு அதிகம், வளைவுகளில் திரும்பவோ அடம் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு ஜீல் மொனாக்கோவிலும் ஸ்பெயினிலும் வென்றார். ஸ்பெயின் பந்தயத்தில் அவருக்குப் பின்னால் நான்கு கார்கள் வரிசையாக நெருக்கிக்கொண்டு வந்தன. முதல் காருக்கும் ஐந்தாவது காருக்கும் இடைவெளி ஒன்றே கால் வினாடிதான். ஜீல் யாரையும் இடிக்கவில்லை, யாருக்கும் வழியும் விடவில்லை.

ஷெக்டர் இருந்த இடத்துக்கு வந்தவர் பிரான்ஸ் நாட்டின் டிடியே பிரோனி. ஜீலைவிட இரண்டு வயது இளையவர், திறமைசாலி. புதிதாக வந்தவரை ஜீல் நண்பராகவே ஏற்றுக்கொண்டார். அணி உத்தரவு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மான்ஸாவில் நான் செய்தேன். எனக்கும் அப்படியே செய்வார்கள்.

1982 ஏப்ரல் 25. இத்தாலியின் இமோலா நகரில் ஸான் மரீனோ கிராண்ட் பிரீ. விதிகள் பற்றிய சண்டையில் பல அணிகள் வராமல் இருந்துவிட்டன. மொத்தமே 14 கார்கள். போட்டி என்றால் ரெனோவுக்கும் ஃபெராரிக்கும்தான். 60 சுற்றுகள். 44ஆவது சுற்றில், முன்னால் போய்க்கொண்டிருந்த அர்னுவின் ரெனோ இயந்திரம் புகை கக்கி நின்றது. இன்னொரு ரெனோ அதற்கு முன்பே நின்றுவிட்டது. இப்போது ஃபெராரிக்கு எதிரியே இல்லை. ஜீல் முதலில், பிரோனி இரண்டாவது.

அந்தக் காரின் இயந்திரம் பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். நடுவில் நிறுத்தி நிரப்பும் வழக்கமும் அப்போது இல்லை. ஜெயித்தது போலத்தான், பெட்ரோல் தீராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அணி பலகையைக் காட்டியது. அதில் 'ஸ்லோ' என்று எழுதியிருந்தது. மெதுவாக! ஜீல் வேகத்தைக் குறைத்தார். அவரைப் பொறுத்தவரை பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. இனி இந்த வரிசை மாறாது.

46ஆவது சுற்றில் பிரோனி முந்தினார். பார்வையாளர்களுக்கு வேடிக்கை காட்டுகிறார் போலும் என்று ஜீல் நினைத்தார். 49ஆவது சுற்றில் முன்னால் வந்து மறுபடி வேகத்தைக் குறைத்தார். 53ல் பிரோனி மறுபடி முந்தினார். 59ஆவது சுற்றில் ஜீல் முன்னால் வந்தார். மிச்சம் ஒரே சுற்று. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் வழியை மறிக்காமல் போனார். டோஸா என்ற வளைவுக்கு முன்னால் பிரோனியின் கார் உள்பக்கமாகப் பாய்ந்தது. அவ்வளவுதான். பிரோனி முதலிடம். ஜீல் இரண்டாம் இடம். இடைவெளி அரை வினாடிகூட இல்லை.

மேடையில் நின்ற ஜீலின் முகத்தைப் படத்தில் பார்த்தால், பாராட்டு விழாவில் நிற்பவர் முகம் போல இருக்காது. ஏமாற்றப்பட்ட சிறுவனின் முகம். இனி பிரோனியோடு பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பிரோனி பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது. பலகை காரைப் பத்திரமாக ஓட்டச் சொன்னதே தவிர, யார் முன்னால் வர வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது சரிதான். 'ஸ்லோ' என்ற சொல்லுக்கு 'முந்தாதே' என்று பொருள் கிடையாது. ஆனால் முன்னால் போகிறவர் அந்தச் சொல்லை நம்பி வேகத்தைக் குறைத்திருக்கும்போது பின்னால் வருகிறவர் முந்துவது சரியா? நான் பல தடவை இதை யோசித்திருக்கிறேன். உத்தரவை எதிர்த்து எல்லாரும் பார்க்கப் போட்டி போட்டிருந்தால் பிரோனி மேல் எனக்கு இவ்வளவு குறை இருக்காது. 1981ல் பிரேசிலில் ரூட்மான் என்ற வீரர் அப்படித்தான் செய்தார். பலகையில் இரண்டு பெயர்களையும் வரிசையாக எழுதிக் காட்டியும், சக வீரருக்கு வழிவிடாமல் தாமே ஜெயித்தார். அங்கே பின்னால் வந்தவர் ஏமாந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கவில்லை. இமோலாவில் ஒருவர் பந்தயம் ஓட்டினார். மற்றவர் பந்தயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். என்ஸோ ஃபெராரியும் ஜீலின் மனவருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே தெரிவித்தார்.

ஜீல் செய்ததும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் கார் ஓட்டப் போகலாமா?

பதின்மூன்று நாட்கள் கழிந்தன. மே 8, சனிக்கிழமை. பெல்ஜியத்தின் ஸோல்டரில் அடுத்த நாள் பந்தயத்துக்கு யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதை முடிவு செய்யும் ஓட்டம். பிரோனியின் நேரம் ஜீலின் நேரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு வினாடி குறைவு. முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. ஜீல் வெளியே வந்தார். எதிரில் யோகன் மாஸ் என்ற ஜெர்மானிய வீரர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். ஜீல் வருவதைப் பார்த்து வழி விடுவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினார். அதே கணம் ஜீலும் அவரைத் தாண்ட வலப்பக்கமே திரும்பினார். காரின் சக்கரம் முன்னால் இருந்த காரின் சக்கரத்தில் ஏறியது. கார் பறந்தது. ஜீல் வெளியே தூக்கி எறியப்பட்டார். அன்று இரவு மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32.

கனடாவில் பெர்த்தியேவில் ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்குத் தென் ஆப்பிரிக்காவின் ஷெக்டர் வந்தார். மான்ஸாவில் அரை வினாடி முன்னால் வந்த அதே ஷெக்டர்தான். ஜீலைப் பற்றி அங்கே பேசியவர் அவர். ஜீலைப் போல நேர்மையான ஒருவரைத் தாம் அறிந்ததில்லை என்ற பொருளில் பேசினார்.

மான்ட்ரியல் பந்தயத் தடத்துக்கு அந்த ஆண்டே ஜீல் வில்நெவ் பெயரை வைத்தார்கள். கோடு போட்டுத் தொடங்கும் இடத்தில் தரையிலேயே பிரெஞ்சு மொழியில் 'வணக்கம் ஜீல்' என்று எழுதியிருக்கிறது. அவர் காரில் இருந்த 27 என்ற எண் ஃபெராரி ரசிகர்களுக்கு ஏறக்குறையச் சாமி எண் மாதிரி ஆகிவிட்டது.

அப்பா இறந்தபோது மகன் ஷாக் வில்நெவுக்கு 11 வயது. அவரும் பந்தய வீரர் ஆனார். 1997ல் ஸ்பெயினின் ஹெரெஸில் கடைசிப் பந்தயம். பட்டத்துக்குப் போட்டி அவருக்கும் ஃபெராரியில் ஓட்டிய மைக்கேல் ஷூமேக்கருக்கும். ஷாக் முந்தும்போது ஷூமேக்கர் தம் காரை அவர்மேல் திருப்பினார். இடித்தவரின் கார்தான் மணலில் சிக்கிக்கொண்டது. ஷாக் மூன்றாவதாக வந்து உலக சாம்பியன் ஆனார். ஷூமேக்கரின் பெயர் அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அப்பா விட்டுக்கொடுத்த பட்டம் 18 ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு வந்தது.

அணி உத்தரவுகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? 2002ல் ஆஸ்திரியாவில் பாரிக்கெல்லோ என்ற ஃபெராரி வீரர், கடைசிக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வேகத்தைக் குறைத்து ஷூமேக்கருக்கு முதலிடத்தைக் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த மக்கள் கூச்சலிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் பந்தய முடிவை மாற்றும் அணி உத்தரவுகள் தடை செய்யப்பட்டன. உடனே அணிகள் சங்கேத மொழியில் சொல்லத் தொடங்கிவிட்டன! 2010ல் ஜெர்மனியில் அப்படிச் சொன்னதற்காக ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. தடுக்க முடியாத சட்டம் எதற்கு என்று 2011ல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

டிடியே பிரோனியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜீல் இறந்த பிறகு அந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முன்னால் இருந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் பயிற்சி. மழைத் திரையில் முன்னால் மெதுவாகப் போன கார் தெரியவில்லை. மோதினார். இரண்டு கால்களும் நொறுங்கின. உயிர் பிழைத்தார்; ஆனால் ஃபார்முலா 1 பந்தயத்தில் மறுபடி ஓட்டவே இல்லை. பட்டமும் வேறொருவருக்குப் போயிற்று. பிற்பாடு விசைப்படகுப் பந்தயத்துக்குப் போனார். 1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவு அருகே படகு கவிழ்ந்து அவரும் உடனிருந்த இருவரும் இறந்தார்கள்.

அவர் இறந்தபோது அவருடைய துணைவியார் கருவுற்றிருந்தார். அடுத்த ஆண்டு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தைக்கு டிடியே என்று அப்பாவின் பெயரையே வைத்தார் அந்தத் தாய். மற்றக் குழந்தைக்கு ஜீல் என்று பெயர் வைத்தார்.

அந்த இரண்டாவது பிள்ளை படித்துப் பொறியாளர் ஆனார். மெர்ஸிடஸ் அணியில் வேலைக்குச் சேர்ந்தார். 2020 ஆகஸ்ட் 2ஆம் தேதி, கொரோனா காலம் என்பதால் பார்வையாளரே இல்லாத சில்வர்ஸ்டோன் தடத்தில் பந்தயம். ஜீல் வில்நெவ் முதன்முதலில் ஃபார்முலா 1 ஓட்டிய அதே சில்வர்ஸ்டோன். முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்ஸிடஸ் வீரர் லூயிஸ் ஹாமில்டனின் முன் டயர் கடைசிச் சுற்றில் வெடித்தது. மூன்று சக்கரத்தில் தட்டுத்தடுமாறி ஓட்டி வந்து அவர் ஜெயித்தார். வென்ற அணியின் கோப்பையை வாங்க அணியிலிருந்து ஒருவரை மேடைக்கு அனுப்புவது வழக்கம். அன்று மேடையேறி அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியவர், ஜீல் பிரோனி.